மூன்றாவது ஜாயின்ட் ஏன் உடைந்தது

டேய், சாதத்தைத் தொடாதே. முதலில் இதைப் படி. எலுமிச்சை சாதம் சாயங்காலம் வரை தாங்கும், நான் சொல்லப்போவது தாங்காது. இந்நேரம் ரயில் ஆந்திராவுக்குள் போயிருக்கும். நீ மேல் பர்த்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, அந்தக் கருத்தரங்கில் பேசப்போவதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்திருப்பாய். தாம்பரத்தில் ஏறும்போது "பை ஏம்மா இவ்ளோ கனம்?" என்று கேட்டிருப்பாய். நான் "ஊறுகாய்" என்றிருப்பேன். உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பி இருமியிருப்பார். நாளைக்கு நடக்கப்போவதை இன்று மத்தியானமே கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாம் மூன்று பேரும் எந்த நேரத்தில் என்ன செய்வோம் என்பது எனக்கு மனப்பாடம்.

விஷயம் இதுதான். உன் மூன்றாவது ஜாயின்ட்டில் நான் வெல்டு வைத்துவிட்டேன். இதை நேரில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன். முதல் முறை நீ சந்தோஷமாக இருந்தாய், இரண்டாவது முறை தூங்கிக்கொண்டிருந்தாய், மூன்றாவது முறை எனக்கே தைரியம் வரவில்லை. நேரில் சொன்னால் நீ கத்துவாய். நீ கத்தினால் நானும் கத்துவேன். நான் கத்த ஆரம்பித்தால் கடைசியில் தப்பு உன்னுடையது என்று முடியும். நம் வீட்டில் எந்தச் சண்டை வேறு மாதிரி முடிந்திருக்கிறது? அதனால்தான் கடிதம். விமானம் வேண்டாம், ரயிலில் போ, ஜன்னலோரம் ஊர் பார்க்கலாம் என்று உன்னிடம் மல்லுக்கு நின்றதும் அதனால்தான். எனக்கு எந்த ஊரும் நீ பார்க்கத் தேவையில்லை. பேச்சை மாற்றி எழுத உனக்கு இரண்டு நாள் வேண்டும்.

வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் சொல்வேன், பொறுமையாகக் கேள். இரண்டு வருடம் முன்னால், எம்.இ. சேர்ந்த புதிதில், நீ கடைக்கு வந்து தரையில் சாக்பீஸால் ஒரு தூணும் அதில் குறுக்கே ஒரு பீமும் வரைந்தாய். "இதுதாம்மா என் புராஜெக்ட். பீமோட முனையில ஒரு பிளேட்டு. அத தூணோட போல்ட்டு போட்டு முறுக்கிடணும். பிளேட்டுக்கும் தூணுக்கும் நடுவுல வெல்டு கிடையாது. பூகம்பம் வந்தா இது எப்படி நடந்துக்குதுன்னு பாக்கணும்" என்றாய். பம்மலில் இருபது வருடமாக கேட்டும் கிரில்லும் ஷெட்டும் போடுகிறவளிடம் வந்து வெல்டு கிடையாது என்று சொன்னால் என்ன சொல்வேன்? "மெட்ராஸ்ல எங்கடா பூகம்பம் கீது?" என்றேன்.

உண்மையில் எனக்கு ஒரு பூகம்பம் தெரியும். மேடவாக்கத்தில் ஒரு அப்பார்ட்மெண்டில் நாலாவது மாடியில் பால்கனி கிரில் மாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று கால் லேசாக வழுக்குகிற மாதிரி இருந்தது. கீழே தண்ணி லாரிக்காரன் ரிவர்ஸ் எடுத்து கேட்டில் இடித்துவிட்டான் என்று நினைத்து, அங்கிருந்தே அவனைத் திட்டினேன். அதற்குள் மொத்த அப்பார்ட்மெண்டும் கீழே ஓடிவிட்டது. ஒரு சார் லேப்டாப்போடு ஓடினார், அவர் வீட்டம்மா குக்கரோடு ஓடினார். கீழேயிருந்து எல்லோரும் "இறங்கி வாங்கக்கா!" என்று கத்துகிறார்கள். நான் இறங்கவில்லை. ஒரு பக்கம்தான் போல்ட்டு போட்டிருந்தேன், விட்டால் கிரில் கீழே போகும். மறுபக்கத்தையும் முறுக்கிவிட்டுத்தான் இறங்கினேன். லாரிக்காரன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆடுகிற கட்டடத்தில் நின்றபோது எனக்கு பயம் வரவில்லை. அப்படிப்பட்டவளுக்கு எங்கே வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று ஜாயின்ட்டும் நம் கடையில்தான் செய்தோம். நீ அளவு கொடுத்தாய், நான் வெட்டினேன், ஓட்டை போட்டேன். ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனதற்கு ஒரு முழு பிளேட்டைத் தூக்கிப் போடச் சொன்னாய். அன்றைக்குத்தான் நீ என் மகன் என்று நம்பினேன். முதல் ஜாயின்ட்டை டெஸ்ட் பண்ணும் நாளில் உங்கப்பா வேனில் அதை ஏற்றிக்கொண்டு காட்டாங்குளத்தூர் பக்கம் உன் காலேஜுக்கு வந்தோம். வாசலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "எந்த டிபார்ட்மெண்ட்டுமா, ஐடி கார்டு எங்க?" என்றார். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், அவர் மேல் குற்றமில்லை. நான் பதில் சொல்வதற்குள் உங்கப்பா, "பாதில நின்னுட்டாங்க சார், இப்பதான் திரும்பி வர்றாங்க" என்றார். அந்த ஆள் வருடத்துக்கு ஒரு ஜோக் அடிப்பார், அதுவும் உண்மையாக இருக்கும்.

லேபில் ஜாயின்ட்டுக்கு வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்து நிறுத்தினீர்கள். இரும்பு எங்கே வளைகிறதோ அங்கே சுண்ணாம்பு உதிரும், கண்ணுக்குத் தெரியும் என்றாய். பீமின் முனையை ஒரு பெரிய ஜாக்கி மேலே தூக்கியது, கீழே அழுத்தியது, மேலே, கீழே. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. திடீரென்று "டங்!" என்று ஒரு சத்தம். உங்கப்பா மேஜைக்கு அடியில் போய்விட்டார். உன் கைடு மேடம் டீயைக்கூடக் கீழே வைக்காமல், "ஒண்ணுமில்லைங்க, போல்ட்டு லேசா நழுவி உட்காருது" என்றார். மேஜைக்கு அடியிலிருந்து, "அது உட்காரட்டும்மா, நானும் இங்கயே உட்கார்ந்துக்கறேன்" என்று குரல் வந்தது. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நான் வெட்டிய பிளேட் அப்பளம் மாதிரி வளைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் வாய் திறந்து திறந்து மூடியது. சுண்ணாம்பு பொலபொலவென்று கொட்டியது. கடைசியில் இனி தாங்காது என்று ஜாக்கியை நிறுத்தினார்கள். மேடம் உன் முதுகில் தட்டி, "சூப்பர்ப்பா! அழகா ஃபெயில் ஆயிருக்கு" என்றார். நீ கை தட்டினாய்.

ஃபெயில். என் வேலையைப் பார்த்து, என் மகன் இருக்கும்போது, என் முகத்துக்கு நேரே ஒருத்தர் அந்த வார்த்தையைச் சொல்கிறார், நீ கை தட்டுகிறாய். நான் போட்ட கேட்டில் லாரி இடித்து லாரியின் பம்பர் பிய்ந்த கதை பம்மல் முழுக்கத் தெரியும். திரும்பி வரும்போது வேனில் உன்னைப் பிடித்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா?

"இன்னாடா, பொருள் வீணாப் போச்சு, நீ இன்னாத்துக்கு இளிச்சினு வர?"

"ஐயோம்மா, ஃபெயில் ஆகணும். அதுக்குத்தான் டெஸ்ட்டு. பூகம்பத்துல பில்டிங் ஆடும்ல? அந்த ஆட்டத்த யாராவது வாங்கிக்கணும். தூண் வாங்கக் கூடாது, தூண் போனா மொத்தமும் மேல விழும். இந்த பிளேட்டு வளைஞ்சு வளைஞ்சு அந்த சக்திய தின்னுடும். அதுக்குள்ள ஜனங்க வெளிய ஓடிடுவாங்க."

"அப்புறம் பில்டிங்கு?"

"ரிப்பேர் பண்ணலாம். முடியலன்னா இடிக்கணும்."

"அப்ப இன்னாடா லாபம்?"

"உயிரும்மா! பொறுமையா ஃபெயில் ஆனா அது பாஸ். பட்டுனு ஃபெயில் ஆனாதான் ஃபெயில்."

உங்கப்பா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, "இதே ரூலு உங்கம்மா காலத்துல இருந்திருந்தா அவளும் பாஸு" என்றார். பார், அந்த வருடத்தில் அது இரண்டாவது ஜோக். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும், காலம் சரியில்லை என்று.

நீ சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. ஏனென்றால் அந்த வார்த்தைக்கு என் மண்டையில் வேறு இடம் இருக்கிறது. பாலிடெக்னிக் இரண்டாவது வருடம், போர்டில் ரிசல்ட் ஒட்டியிருந்தார்கள். நாலு பாடத்தில் என் நம்பர் இல்லை. வீட்டில் நான் சொல்லவில்லை. மூன்று மாதம் தினமும் காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு தாம்பரம் பஸ் ஏறுவேன். காலேஜுக்குப் போகாமல் ஒரு வெல்டிங் கடை வாசலில் இறங்கி, அங்கே கம்பி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்கப்பா வேனுக்குத் தகரம் அடிக்க அங்கேதான் வந்தார், மூன்று முறை ஒரே தகரத்தை அடித்துக்கொண்டு போனார். வீட்டில் கேட்டால், "படிப்பா? நல்லா போகுது" என்று விறைப்பாக நிற்பேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, படிப்பு போனது, வெல்டிங் கடை, வேன்காரர், மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பட்டென்று. அந்த வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு இலை போட ஆறு வருடம் ஆனது. நீ நடந்து போய் "தாத்தா" என்று கூப்பிட்டதால்தான் அதுவும் நடந்தது. உனக்கு இந்தக் கதையில் டிபன் டப்பா தெரியும், வேன் தெரியும். போர்டில் நம்பர் இல்லாதது தெரியாது. எனக்கே பிடிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் உன்னிடம் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பொய்யையும் இதோடு சேர்த்துக்கொள்.

இரண்டாவது ஜாயின்ட் டெஸ்ட்டுக்கு நான் வரவில்லை. நீ போன் பண்ணி, "ம்மா, இதுவும் செமயா ஃபெயில்!" என்றாய். கடையில் கஸ்டமர் நிற்கிறார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "தம்பி ஃபெயிலா? பரவால்ல, திரும்ப எழுதலாம்" என்று அவர் என்னைத் தேற்றிவிட்டுப் போனார். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், மூன்றாவது ஒன்றாவது நிற்க வேண்டும் என்று.

மூன்றாவதில் நீ ஒரே ஒரு விஷயத்தை மாற்றினாய். முன்னால் இரண்டிலும் போல்ட்டுகளை மேலிருந்து கீழே ஒரே சுற்றில் முறுக்கினாய். இதில் நடுவிலிருந்து வெளியே, இரண்டு சுற்றாக முறுக்கினாய். காலையில் வேனில் ஏற்ற வேண்டும். நீ குளிக்கப் போனாய். எனக்குக் கிடைத்தது இருபது நிமிடம். உங்கப்பா கயிற்றோடு வந்தவர் என் கையில் வெல்டிங் ஹோல்டரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னாமே பண்ற? போல்ட்டு மட்டும்னு சொன்னான்ல புள்ள?"

"சேஃப்டிக்கு ஒரு டேக்குய்யா. நீ வாய மூடினு கயிறு கட்டு."

சேஃப்டிக்கு ஒரு டேக். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் சொல்கிற வார்த்தை இது. போல்ட்டு போட்டு முடித்த பிறகு, டிராயிங்கில் இல்லாவிட்டாலும், மனசு கேட்காமல் விரல் நீளத்துக்கு ஒரு பொட்டு வெல்டு வைப்போம். எந்த இன்ஜினியரும் எங்களிடம் அதைக் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. நான் ஒன்று வைக்கவில்லை, நாலு வைத்தேன். பிளேட்டின் கீழ் ஓரத்தில், தரையைப் பார்த்த பக்கம். கிரைண்டரில் தேய்த்து, பட்டி வைத்து, மேலே நீ அடித்த மாதிரியே சுண்ணாம்பு அடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமான வெல்டு வைத்ததில்லை. நீ தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "தேங்க்ஸ்மா, துடைச்சு வெச்சுட்டியா?" என்றாய்.

லேபில் என்ன நடந்தது என்பது உனக்குத் தெரியும். ஜாக்கி தூக்கியது, ஜாயின்ட் அசையவில்லை. அழுத்தியது, அசையவில்லை. வாய் திறக்கவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, டங் இல்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மேடம் முதல்முறையாக டீயைக் கீழே வைத்தார். நீ கம்ப்யூட்டரில் கோட்டைப் பார்த்து, "மேடம், முறுக்குற வரிசைய மாத்தினதுக்கே இவ்ளோ வித்தியாசமா!" என்று குதித்தாய். குதித்து முடிப்பதற்குள் வெடித்தது. முதல் ஜாயின்ட்டின் சத்தம் இதன் முன்னால் தும்மல். இந்த முறை உங்கப்பா மேஜைக்கு அடியில் போகவில்லை, நேராக வெளியே போய் வேனில் உட்கார்ந்துவிட்டார். நாலு டேக்கும் ஒரே நேரத்தில் கிழிந்தன. மேடம் கேமராவோடு குனிந்தார். நான் முந்திப் போய், "தூசும்மா, தூசு" என்று துப்பட்டாவால் கீழ் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். இடத்தை அடைக்கிறது என்று லேபில் சொன்னதும் அன்றைக்கே வேனில் ஏற்றிக் கொண்டுவந்து வெட்டிவிட்டேன். ஆதாரத்தை அழிக்கிறவள் மாதிரி என்று நீ நினைப்பாய். மாதிரி எல்லாம் இல்லை, அதேதான்.

அதற்குப் பிறகு நீ அந்த ஜாயின்ட்டை வைத்து ஒரு கோட்டையே கட்டிவிட்டாய். போல்ட்டு முறுக்குகிற வரிசையை மாற்றினாலே போதும், ஒரு பைசா செலவில்லாமல் ஜாயின்ட் இத்தனை பங்கு விறைப்பாகும் என்று எழுதினாய். மேடம் அதைக் கருத்தரங்குக்கு அனுப்பினார். வந்து பேசு என்று கூப்பிட்டுவிட்டார்கள். நீ பேசுவதைக் கேட்டுத்தான் அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கொடுப்பார்களாம். அதுவும் அடிக்கடி பூகம்பம் வந்து மலையே நடுங்குகிற ஊர். அங்கே யாராவது உன் பேச்சை நம்பி, இரண்டு சுற்று முறுக்கிவிட்டு, இனி கவலையில்லை என்று பிள்ளைகுட்டியோடு மேலே போய்ப் படுப்பார்கள். இதை நினைத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ "டயட்டாம்மா?" என்று கேட்டாய்.

இப்போது பார், நான் இத்தனை வாரமாகச் செய்ததும் அதே வேலைதான். அன்றைக்கு டிபன் டப்பாவோடு விறைத்து நின்ற மாதிரியே நின்றேன். உன் முதல் ஜாயின்ட் மாதிரி, நழுவும்போதே டங் என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் சின்னதாக முடிந்திருக்கும். உங்கப்பா ஒவ்வொரு நாளும், "சொல்லிடுமே, சொல்லிடுமே" என்றார். "நீ சொல்லேன்யா" என்றால், "நான் கயிறு மட்டும்தான் கட்னேன்" என்கிறார். கல்யாணம் பண்ணும்போது ஆளைப் பார்த்துப் பண்ணு. ஆனால் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடாதே.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் சொல்வேன், நான் உன் அம்மா. முதலில் மேடத்துக்குப் போன் பண்ணு. எல்லாவற்றையும் என் மேல் போடு, என் நம்பரையும் கொடு, அவர் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். முறுக்குகிற வரிசையால் என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் பார்க்க இன்னொரு ஜாயின்ட் செய்ய வேண்டும். செய்து தருகிறேன். வெல்டிங் மிஷின் சாவியை உன்னிடமே கொடுத்துவிடுகிறேன், குளிக்கிற ரூமுக்கும் எடுத்துக்கொண்டு போ. அதுவரை உன் முதல் இரண்டு ஜாயின்ட் சரியாகத்தான் இருக்கின்றன, அவற்றைப் பேசு. மூன்றாவதையும் மறைக்காதே. இந்த ஊரில் எத்தனை ஷெட்டில், எத்தனை மாடியில் சேஃப்டிக்கு ஒரு டேக் இருக்கிறது என்று உங்கள் புத்தகம் எதிலாவது இருக்கிறதா? நானே எத்தனை வைத்திருக்கிறேன் என்று எனக்குக் கணக்கில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்க்கப்போகிறேன், உங்கப்பா வேனோடு வருகிறார். வளைய வேண்டிய இடத்தை அன்பாக ஒட்டி வைத்தால் அது எப்படி உடையும் என்பது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, கோடு போட்டு, படம் எடுத்து. இடம் கொடுக்கவில்லை என்றால் வந்துவிடு, வீடு இருக்கிறது. கொடுத்தால் அங்கேயே இரு. நான் போன் பண்ணி எப்போ வருகிறாய் என்று தினமும் கேட்பேன், அதை ஒரு டேக் என்று நினைத்துக் கிரைண்டரில் தேய்த்துவிடு.

இப்போது பையைத் திற. அடியில் பேப்பர் சுற்றிய பொட்டலம் இருக்கும். ஊறுகாய் இல்லை. வெட்டும்போது அந்த மூலையை மட்டும் எனக்குத் தூக்கிப்போட மனசு வரவில்லை. மூன்று கிலோ இருக்கும். ஒரு டேக் கிழிந்த இடம் பளபளவென்று அப்படியே தெரியும், எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். வழியில் பெரிய பெரிய ஆறெல்லாம் வரும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டலாம் என்று ஒரு நிமிடம் தோன்றும், எனக்கே தோன்றியது. நீட்டாதே. அதை மேஜை மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வை. பெரிய மனிதர் யாராவது எழுந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்த ஜாயின்ட் ஏன் இப்படி உடைந்தது என்று கேட்பார். சுற்றி வளைக்காதே. எங்கம்மா பயந்துட்டாங்க என்று சொல்.

ஊறுகாய் சைடு ஜிப்பில் இருக்கிறது. சாப்பிடு.